உயர்நிலைப்பள்ளி மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட்: மர வாத்தியத்தை வெயிலில் கொண்டுபோகலாமா, வாசிப்பின் தரம் கெடுமா?

தொடங்கியவர்: ஒன்பதாம் வகுப்பின் தந்தை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். எங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் பி ஃபிளாட் கிளாரினெட் வாசித்து வருகிறாள். வரும் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் சேரவிருக்கும் உயர்நிலைப்பள்ளியில், கான்செர்ட் பேண்டில் இடம் வேண்டும் என்றால் இலையுதிர்காலம் முழுவதும் மார்ச்சிங் பேண்டிலும் இருந்தாக வேண்டும். இதுவரை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டாண்டில் நோட்ஸை வைத்துக்கொண்டு வாசித்துப் பழகிய பிள்ளை, இனி ஃபுட்பால் மைதானத்தில் நடந்துகொண்டே, நோட்ஸ் இல்லாமல் வாசிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் இந்தப் பக்கம் போனதில்லை என்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபெற விரும்புகிறேன்.

முதலாவது, வாத்தியம் பற்றியது. தனிப்பயிற்சி ஆசிரியரின் யோசனைப்படி சென்ற ஆண்டு கிரெனடில்லா மரத்தில் செய்த கிளாரினெட் ஒன்றை, எங்கள் சக்திக்குச் சற்று மீறியே, வாங்கிக் கொடுத்தோம். மர வாத்தியத்தை மைதானத்துக்குக் கொண்டுவரக் கூடாது, பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்று பேண்ட் டைரக்டர் அனுப்பிய கடிதத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே அது அவ்வளவு அவசியமா, அல்லது கவனமாகக் கையாண்டால் போதுமா?

இரண்டாவது, வாசிப்பின் தரம். மார்ச்சிங் பருவம் முடிந்து வரும் மாணவர்களின் தொனி முரடாகிவிடுகிறது, அதைச் சரிசெய்யவே குளிர்காலம் போய்விடுகிறது என்று தனிப்பயிற்சி ஆசிரியர் வருத்தப்படுகிறார். பகுதி அளவிலான பேண்டுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ரீஜன் தேர்வும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் வருகிறது. மூன்றாவது, "மைதானத்தில் கிளாரினெட் யார் காதிலும் விழாது" என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு மகள் சோர்ந்துபோயிருக்கிறாள். அதைவிட மெல்லஃபோன் என்ற பித்தளை வாத்தியத்துக்கு மாறிவிடலாமா என்று இப்போது கேட்கிறாள். கடைசியாக, நேரம். வாரத்தில் எத்தனை மாலைகள் இதற்குப் போகும், படிப்பு என்னவாகும் என்பதையும் யாராவது ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: பூஸ்டர் அம்மா

வணக்கம் சகோதரரே. என் மகன் உயர்நிலைப்பள்ளியின் நான்கு ஆண்டுகளும் கிளாரினெட்டுடன் மார்ச்சிங் பேண்டில் இருந்தான். நான் பூஸ்டர் கிளப்பில், அதாவது பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழுவில், சீருடைகளைக் கவனித்துக்கொண்டேன். வாசிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதை மற்றவர்கள் சொல்லட்டும். நேரத்தையும் நடைமுறையையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்தில் இருப்பதை அப்படியே கேளுங்கள். மர வாத்தியத்தை வீட்டிலேயே வையுங்கள். ஆனால் அவசரப்பட்டுக் கடைக்கும் போகாதீர்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் எதில் கற்றுக்கொண்டாளோ அந்தக் கிளாரினெட் வீட்டில் எங்காவது இருக்கும். அது பெரும்பாலும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். அதை ஜூன் மாதத்திலேயே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, துளைகளை மூடும் பேடுகளும் இணைப்புகளில் உள்ள கார்க்குகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னால் போதும். ஜூலைக் கடைசியில் போனால் ஊரில் உள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியங்களும் அவர் மேசையில் குவிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பள்ளியிலேயே இரவலாகத் தர வாத்தியங்கள் இருக்கின்றனவா என்று டைரக்டரிடம் கேட்கலாம்; இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, பாதிப் பேர் கேட்பார்கள். பிளாஸ்டிக் என்பதற்காக எதையும் தாங்கும் என்றும் எண்ண வேண்டாம். மூடிய காரில் வெயிலில் விட்டால் பேடுகளை ஒட்டியிருக்கும் பசை இளகி, அவை இடம் மாறிவிடும். அதன்பின் எந்தச் சுரமும் சரியாக வராது.

சீருடையில் கிளாரினெட் வாசிப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் உண்டு. பேண்டில் எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை கொடுப்பார்கள். கிளாரினெட்டின் முக்கியத் துளைகளை விரலின் சதையே மூட வேண்டும் என்பதால், கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட வேண்டும். முதல் ஆட்டத்தன்று மாலை பேருந்துக்கு அருகே கத்தரிக்கோலுடன் நின்று, வரிசையாக நீளும் கைகளுக்கு நுனி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் மூட்டுவரைதான் வெட்ட வேண்டும், அதற்குக் கீழே போனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது வரிசை ஒரே மாதிரி தெரியாது. நீளமான கூந்தல் இருந்தால் அதை முழுவதுமாகத் தூக்கிக் கட்டி ஷாகோ தொப்பிக்குள் அடக்கப் பழக வேண்டும். இதை முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. கைகளில் சன்ஸ்கிரீன் தடவினால் உள்ளங்கையையும் விரல் நுனிகளையும் துடைத்த பிறகே வாத்தியத்தைத் தொட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடையின் பிற்பகுதியில் நடக்கும் பேண்ட் கேம்ப்தான் மிகக் கடினம். பல பள்ளிகளில் காலையில் மைதானமும் பிற்பகலில் குளிரூட்டிய அறையில் இசைப் பயிற்சியும் என்று முழு நாளும் போய்விடும். பள்ளி தொடங்கிய பிறகு ஓர் எல்லை உண்டு. டெக்சாஸில், பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே நடக்கும் ஒத்திகை 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டமும் சனிக்கிழமைப் போட்டியும் அந்தக் கணக்கில் சேராது. வெளியூர் ஆட்டம் என்றால் பேருந்து திரும்பி வந்து சேர நள்ளிரவு ஆகலாம். மறுநாளே போட்டியும் இருந்தால் அந்த வாரம் வீட்டில் வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு பற்றிய உங்கள் கவலைக்கு மாநிலச் சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1984-இல் வந்த சட்டத்தின்படி ஒரு பாடத்தில் மதிப்பெண் 70-க்குக் கீழே போனாலும் அந்த மாணவர் போட்டிகளிலும் ஆட்டங்களிலும் பங்கேற்க முடியாது. இப்போதைய விதிப்படி குறைந்தது மூன்று வாரம் அந்தத் தடை நீடிக்கும். சில மேல்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. ஃபுட்பால் அணியில் ஒருவர் விலகினால் மாற்று ஆட்டக்காரர் இறங்குவார். பேண்டிலோ அந்த இடம் பல சமயம் மைதானத்தின் நடுவே வெறும் ஓட்டையாகத் தெரியும். அதனாலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் உட்காரவைத்துப் படிக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மாவட்டம் அனுமதித்தால், இலையுதிர் பருவத்து மார்ச்சிங் பேண்டை உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாகவும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆலோசகரிடம் விசாரித்தால் அட்டவணையில் ஒரு வகுப்பு மிச்சமாகும்.

பதில்: முன்னாள் செக்‌ஷன் லீடர்

வணக்கம் ஐயா. நான் உயர்நிலைப்பள்ளியில் கிளாரினெட் செக்‌ஷன் லீடராக இருந்துவிட்டு, இப்போது கல்லூரி பேண்டிலும் வாசித்து வருகிறேன். "யார் காதிலும் விழாது" என்பதற்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், அதைச் சொல்பவர்கள் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

டிரம்பெட்டின் ஒலி அதன் வாயிலிருந்து ஒரே திசையில் பாய்கிறது. வாயை அரங்கின் பக்கம் திருப்பினால் அங்கே உட்கார்ந்திருப்பவர் காதில் போய் அறையும். கிளாரினெட்டில் ஒலியின் பெரும்பகுதி திறந்திருக்கும் துளைகளின் வழியே நாலாபுறமும் சிதறிவிடுகிறது. சுவர்களுக்குள் அந்த ஒலி எதிரொலித்துத் திரண்டு வரும். திறந்தவெளியில் அதற்கு வழியில்லை. ஆகவே பித்தளை வாத்தியங்கள் முழு வீச்சில் முழங்கும் இடத்தில் தனியொரு கிளாரினெட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பது சரி. ஆனால் எட்டு நிமிட நிகழ்ச்சியில் பித்தளை எட்டு நிமிடமும் முழங்குவதில்லை. இசையமைத்துத் தருபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால், கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் கிளேரியன் எனப்படும் உயர்சுரப் பகுதியிலும் அதற்கு மேலும்தான் எழுதுவார்கள். ஃபுளூட்டுடன் சேர்ந்து ஓடும் அந்த உயர்ந்த சுர வரிசைகள் இல்லாவிட்டால், மொத்த ஒலியும் மேல் பக்கம் மொட்டையாக நிற்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடும். பித்தளை ஓய்ந்து மரக்குழல்கள் மட்டும் முன்னுக்கு வரும் பகுதியும் அநேகமாக ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இருக்கும். இப்போது பல பள்ளிகள் அந்த இடத்தில் ஒரு சிறு குழுவை முன்கோட்டுக்கு அழைத்து, மைக்கும் வைத்துவிடுகின்றன. உங்கள் மகள் நன்றாக வாசிப்பவள் என்றால் அந்தச் சிறு குழுவைக் குறிவைக்கச் சொல்லுங்கள்.

மெல்லஃபோனுக்கு மாறுவது தவறு என்று சொல்ல மாட்டேன். எதற்காக மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கோடையில் டிரம் கோர் எனப்படும் தனி மார்ச்சிங் அணிகளில் சேரும் கனவு இருந்தால் அங்கே பித்தளை, தாள வாத்தியம், கொடி சுழற்றும் கலர் கார்டு ஆகியவை மட்டுமே உண்டு, கிளாரினெட்டுக்கு இடமில்லை. கல்லூரிகளிலும் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேண்ட் 1934 முதல் பித்தளையும் தாளமும் மட்டும் கொண்டதாக இருந்து வருகிறது. ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான கல்லூரி பேண்டுகளில் கிளாரினெட் வரிசை நீளமாகவே இருக்கும். யாரோ சொன்னதைக் கேட்டு மனம் சோர்ந்து மாறுவதாக இருந்தால், ஒரு பருவம் பொறுத்துப் பார்ப்பதே நல்லது.

இனி, நடந்துகொண்டே வாசிப்பது எப்படி என்பது. மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு கோடு இருக்கும். அந்த இடைவெளியை எட்டுச் சம அடிகளில் கடப்பதுதான் அடிப்படை நடை. இப்படி எடுத்துவைக்கும் ஒரு காலடி 22.5 அங்குலம். குதிகால் முதலில் தரையைத் தொட்டு, பாதம் மெதுவாக உருண்டு விரல் நுனியில் முடிய வேண்டும். பின்னோக்கிப் போகும்போது குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே நடக்க வேண்டும். இது அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதில்லை. கிளாரினெட்டில் மேல்பற்கள் மவுத்பீஸின் மீதே ஊன்றியிருப்பதால், குதிகால் தரையில் மோதும் ஒவ்வோர் அதிர்வும் எலும்பு வழியாக ஏறி, மவுத்பீஸில் அதிரும் ரீட் என்ற மெல்லிய தகட்டுக்குப் போய்விடும். நீண்ட சுரம் ஒன்றை வாசித்தபடி தட்டித் தட்டி நடந்தால், அந்தச் சுரம் அடிக்கு ஒருமுறை விக்குவது காதில் விழும். வீட்டில் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது: மெட்ரோனோமை 100-க்கு வைத்துக்கொண்டு, நடுத்தர சுரம் ஒன்றை எட்டு அடிக்கு நீட்டி, கூடத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடக்க வேண்டும். சுரம் விக்காமல் வந்த பிறகு மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்டலாம்.

காதை நம்பக் கூடாது என்பது புதிதாக வருபவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொரு விஷயம். அறையில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசிக்கப் பழகியிருப்பார்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 49 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே பின்கோட்டிலிருந்து வரும் ஒலி முன்கோட்டை அடைய 0.14 நொடி பிடிக்கும். நிகழ்ச்சியின் வேகம் நிமிடத்துக்கு 160 தட்டு என்றால் ஒரு தட்டே 0.375 நொடிதான்; பதினாறாம் பாகச் சுரம் ஒன்றைவிட நீளமான தாமதம் அது. முன்னால் இருப்பவர்களைக் கேட்டுப் பின்னால் இருப்பவர்கள் வாசித்தால், அரங்கில் இருப்பவருக்கு அந்தத் தாமதம் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் கண்களை, முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கைகளில் வைக்கச் சொல்கிறார்கள். காதுக்கு ஏதாவது துணை வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் தாளக் குழுவை மட்டும் கேட்கலாம், முன்னால் கேட்கவே கூடாது.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் நிற்க வேண்டிய இடம் எழுத்தில் கொடுக்கப்படும். பிள்ளைகள் அதை டாட் என்பார்கள். "முதல் பக்கம், 45-ஆம் கோட்டுக்கு வெளியே 2 காலடி, முன் ஹாஷுக்குப் பின்னே 6 காலடி" என்ற மாதிரி இருக்கும்; ஹாஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் போட்டிருக்கும் குறிகளின் வரிசை. அதை ஒரு சிறு நோட்டில் எழுதி, கயிற்றில் கோத்து, தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வது வழக்கம். இப்போது செயலியும் உண்டு, ஆனால் வெயிலில் கைபேசித் திரை கண்ணுக்குத் தெரியாது. கேம்பின் முதல் நாளுக்கு முன்பே தொடக்கப் பகுதியின் இசையை மனப்பாடம் செய்துவிடுவது மிக மிக நல்லது. கால் இன்னும் தடுமாறும் நேரத்தில் விரல்களாவது யோசிக்காமல் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொள்ள முயல்பவர்கள் இரண்டாவது வாரத்தில் வாசிப்பதுபோல் நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பதில்: மரக்குழல்

நான் கிளாரினெட் கற்றுக்கொடுப்பவன். உங்கள் மகளின் ஆசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் குற்றத்தை மைதானத்தின் மீது சுமத்துகிறார், நான் கடிப்பதன் மீது சுமத்துவேன். "இன்னும் சத்தமாக" என்று மேடையிலிருந்து குரல் வந்ததும், பிள்ளைகள் காற்றைக் கூட்டுவதற்குப் பதில் தாடையை இறுக்கி ரீடைக் கடிக்கிறார்கள். ஒலி கூடுவதில்லை, கூர்மையாகி, சுருதி மேலே ஏறி, கிறீச்சிடுகிறது. மூன்று மாதம் அப்படியே போனால் அதுவே பழக்கமாகிவிடும். மைதானத்தில் வாத்தியத்தை உடம்பிலிருந்து விலக்கி உயர்த்திப் பிடிக்கச் சொல்வதும் இதற்குத் துணைபோகிறது. உட்கார்ந்திருக்கும்போது உள்ள கோணம் மாறுவதால், கீழுதட்டில் ரீட் படும் இடமும் மாறுகிறது. எல்லோரும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும் என்பதில் டைரக்டர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. எனவே தலையை நிமிர்த்தி நேராக வைத்து, வலது கட்டைவிரலால் வாத்தியத்தை மேல்நோக்கி, பற்களை நோக்கி, லேசாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். கிளாரினெட் சுமார் 800 கிராம் எடை இருக்கும். அதில் பெரும்பங்கை அந்த ஒரு கட்டைவிரல்தான் சுமக்கிறது என்பதால், முதல் வாரங்களில் வலி இருக்கும். வலி மணிக்கட்டுக்குப் பரவினால் மட்டும் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

மரம் ஏன் பிளக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடிதத்தின் கண்டிப்பு உங்களுக்கு வியப்பாக இருக்காது. வாசிக்கும்போது மூச்சின் வெப்பமும் ஈரமும் குழலின் உட்புறத்தை விரியச் செய்கின்றன. வெளிப்புறம் காய்ந்தோ குளிர்ந்தோ இருந்தால் அது அதே அளவில் விரியாது. அந்த இழுபறியில் பெரும்பாலும் மேல் இணைப்பில்தான் வெடிப்பு விழும். குளிரூட்டிய அறையிலிருந்து ஆகஸ்ட் வெயிலுக்கும், பிறகு நவம்பர் இரவுக் குளிருக்கும் ஒரே வாத்தியத்தைக் கொண்டுபோவது அந்த வெடிப்பை வலியப்போய் அழைப்பதாகும். எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும், வரிசையில் ஆடாமல் அசையாமல் நிற்கும் பிள்ளையால் நிழலுக்கு ஓட முடியாது.

மவுத்பீஸ் விஷயத்தில் ஆசிரியர்கள் இரு கட்சியாக இருக்கிறார்கள். மைதானத்துக்கு மலிவான ஒன்று போதும் என்பது ஒரு கட்சி. நான் மற்ற கட்சி: வீட்டில் வாசிக்கும் அதே மாதிரியில் இன்னொன்று வாங்கிக் கொடுங்கள். வாத்தியம் மாறினால் உதடு பொறுத்துக்கொள்ளும். மவுத்பீஸ் மாறினால் உதட்டின் பழக்கமே மாறிவிடும். எபோனைட்டால் ஆன மவுத்பீஸை வெயிலில் வைத்தால் கறுப்பு நிறம் பச்சை கலந்த பழுப்பாகி, வாயில் கந்தகச் சுவை தட்டும் என்பதால் ஓய்வு நேரத்தில் மூடி போட்டுப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. ரீடைப் பொறுத்தவரை நாணல் ரீட் மைதானத்துக்கு ஏற்றதல்ல. அடுத்த கட்டத்துக்காகக் காத்து நிற்கும் சில நிமிடங்களிலேயே காய்ந்து, நுனி அலையலையாக வளைந்துவிடும். செயற்கை ரீட் ஒன்று வாங்கினால், விலை அதிகம் என்றாலும் பருவம் முழுவதும் தாங்கும். வீட்டுப் பயிற்சிக்கு நாணலே இருக்கட்டும்.

சுருதி பற்றி யாரும் சொல்லவில்லை. காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வீதம் சுருதி ஏறும். 22 டிகிரி அறையில் சுருதி சேர்த்துவிட்டு 37 டிகிரி வெயிலில் நின்றால் கணக்குப்படி 45 சென்ட், அதாவது கிட்டத்தட்டக் கால் சுரம். மூச்சுக்காற்று அறைக்குள்ளேயே குழலைச் சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனால் அதில் பாதி ஏறினாலே வரிசை முழுவதும் அபசுரமாகிவிடும். மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் பேரலைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் பேரலிலேயே இழுத்தால் தொண்டைச் சுரங்கள் எனப்படும் நடுப்பகுதிச் சுரங்கள் மட்டும் அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்பதால், நடு இணைப்பிலும் கொஞ்சம் இழுத்துப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. நவம்பரில் இதற்கு நேர்மாறாகச் சுருதி இறங்கும். அப்போது இழுத்ததை எல்லாம் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

ஆல்-ரீஜன் தேர்வு இருக்கும் பருவத்தில் என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மைதானத்திலிருந்து வந்த அன்று, குளித்துச் சாப்பிட்ட பிறகு, மர வாத்தியத்தில் பதினைந்து நிமிடம் மெதுவான ஒலியில் நீண்ட சுரங்கள். அடக்கி வாசிக்கும்போது கடிக்க முடியாது. கடித்தால் சுரம் நின்றுவிடும். கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு மாறும் இடத்தைக் கடக்கும் சுரங்களை, தொண்டை ஏ-யிலிருந்து அதற்கு மேலே உள்ள பி-க்குப் போவதைப் போன்றவற்றை, அந்த நேரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எட்யூடுகள் எனப்படும் பயிற்சி இசைத் துண்டுகளுக்கு வார இறுதியை ஒதுக்கினால் போதும்.

மெல்லஃபோன் விஷயத்தில் மேலே எழுதிய தம்பியைவிட நான் கண்டிப்பானவன். பித்தளையில் உதடே அதிர வேண்டும். கிளாரினெட்டில் உதடு அசையாமல் ரீடுக்கு மெத்தையாக இருக்க வேண்டும். இரண்டையும் கற்றுத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில், தேர்வு இருக்கும் பருவத்தில், நாள்தோறும் சில மணி நேரம் ஒன்றும் கால் மணி நேரம் மற்றொன்றும் வாசித்தால் எது வளரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொடங்கியவர்: ஒன்பதாம் வகுப்பின் தந்தை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பிளாஸ்டிக் கிளாரினெட் அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது. நாளை பழுதுபார்க்கக் கொடுக்கிறோம். ஒலி தாமதம் பற்றி எழுதியிருந்ததை மகளே மூன்று முறை படித்துவிட்டு, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் ஆண்டு கிளாரினெட்டிலேயே இருப்பதாகவும் சொல்லிவிட்டாள். அந்தச் சிறு குழுவுக்கு எப்போது தேர்வு நடக்கும் என்று டைரக்டருக்கு அவளே மின்னஞ்சலும் அனுப்பிவிட்டாள். இன்னும் ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். ஜூலைக் கடைசியில் அவளுக்குப் பல்லில் கம்பி போட நாள் குறித்திருக்கிறோம். அதே வாரம்தான் கேம்ப் தொடங்குகிறது. இதனால் ஏதும் சிக்கல் வருமா? ஆட்டத்தின் நடுவே மழை வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: முன்னாள் செக்‌ஷன் லீடர்

மழையில் பேடுகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். அதன்பின் துளைகள் முழுதாக மூடாது. அதனால் தூறல் தொடங்கியதுமே மரக்குழல் வரிசைகளை வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுவார்கள், பித்தளை மட்டும் வாசிக்கும். எங்கள் பள்ளியில் கிளாரினெட் வரிசை வெறுங்கையுடன் டிரில்லை, அதாவது நிகழ்ச்சியின் நடை முழுவதையும், நடந்து முடித்ததும் உண்டு. சீருடைப் பையில் உறிஞ்சும் துணி ஒன்றும், இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளும் எப்போதும் இருக்கட்டும். பெட்டியின் வெளியே பளிச்சென்ற நிறத்தில் நாடாவை ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். மழையில் எல்லோரும் ஓடும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே கறுப்பு நிறத்தில்தான் இருக்கும்.

பதில்: மரக்குழல்

முடிந்தால் பல்லில் கம்பி போடும் தேதியை மாற்றுங்கள். கம்பி போட்ட முதல் சில நாள்கள் பல் வலிக்கும். கேம்பின் முதல் வாரத்தில் அந்த வலியோடு வாசிக்கச் சொன்னால் பிள்ளை புதிதாக ஒரு தவறான பிடியைக் கற்றுக்கொள்ளும். ஜூன் மாதத்திலேயே போட்டுவிட்டால் பழகிக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். அல்லது மார்ச்சிங் பருவம் முடிந்த பிறகு போடலாம். கிளாரினெட்டில் மேல்வரிசைக் கம்பியால் பெரிய தொல்லை இல்லை. கீழுதட்டை மடித்துப் பல்லின் மேல் வைப்பதால் கீழ்வரிசைக் கம்பிதான் உதட்டின் உட்புறத்தைக் கீறும். பல் மருத்துவர் தரும் மெழுகை அதன் மேல் அழுத்திக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மேல்வரிசைக்கு மட்டும் இப்போது போட்டுவிட்டு, கீழ்வரிசையைச் சில மாதம் தள்ளிப்போட இயலுமா என்றும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.